மாமா வண்டி சைலன்சரில் இரண்டு ஓட்டை

ராஜகீழ்ப்பாக்கம்,
2-1-1995, மார்கழி 18.

நாக்பூரில் தங்கள் மகன் சிரஞ்சீவி குப்புராஜ் இல்லத்தில் சுகமாக எழுந்தருளியிருக்கும் தமக்கையார் செல்லியம்மாள் அவர்களுக்கு, தம்பி ஏகநாதன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே தங்கள் வீட்டில் நான், என் தர்மபத்தினி சாமுண்டீஸ்வரி, வேப்பமரம், கிணற்று மோட்டார் ஆகிய நால்வரும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறோம். தாங்கள் அங்கே குளிருக்குக் கம்பளியும், கம்பளிக்குள் சௌக்கியமுமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள், நீங்கள் என்று நாலு வரி எழுதுவதற்குள் விரல் இழுத்துப் பிடித்துக்கொண்டது. முதல் பாரா வரைக்கும் மரியாதை கொடுத்தாகிவிட்டது. இனி நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

அக்கா, உன் கடிதம் கிடைத்தது. பொங்கலுக்கு வருகிறேன், உன் மாமா கண்ணை மூடிய பிறகு அந்த வாசலை மிதிக்கவே மனசு வரவில்லை, இந்த வருஷம் வரலாம் என்று தோன்றுகிறது, ஆனால் தாம்பரம் ஸ்டேஷனுக்கு மாமா வண்டியைத்தான் கொண்டுவர வேண்டும், ஆட்டோ கூப்பிட்டால் அப்படியே திரும்பி ரயில் ஏறிவிடுவேன், அந்தச் சத்தத்தைக் கேட்டு நாலு வருஷம் ஆகிறது, அது இல்லாமல் அந்த வீட்டுக்குள் நுழைய என்னால் ஆகாது என்று எழுதியிருந்தாய். சாமுண்டீஸ்வரி படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். நானும் படித்துவிட்டுக் கிணற்றடியில் போய் நின்றேன். ஏனென்றால், எப்படிச் சொல்வது, உன் கடிதம் வந்து சேர்ந்தபோது அந்தச் சத்தம் இந்த உலகத்தில் இல்லை. என் கையாலேயே அதை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். இதற்குப் பிறகும் நீ பொங்கலுக்கு வருவாயா மாட்டாயா என்பதுதான் எனக்குத் தூக்கம் பிடிக்காத கவலை.

சத்தத்தைப் பற்றி உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாமா மேற்குத் தாம்பரத்தில் சிமெண்டுக் கடையைப் பூட்டிவிட்டு, ரயில்வே கேட்டில் தவம் கிடந்து, கேம்ப் ரோடு வந்து சேர்ந்தால் போதும். அப்போதெல்லாம் நடுவில் மனை போட்ட காலி நிலமும் பனைமரமும்தானே. படபடபட என்று நம் தெரு வரைக்கும் கேட்கும். கேட்டதும் தெருவே முகத்தைக் கழுவிக்கொள்ளும். உன் வீட்டில் ரேடியோ வாயை மூடும். குப்புராஜ் கணக்குப் புத்தகத்தைத் திறப்பான், அது தலைகீழாக இருக்கும். எதிர்மனையில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். உன்னோடு கூடத்தில் உட்கார்ந்து கதையளக்கும் பின்வீட்டு அருள்மேரி கிணற்றடி வழியாக மறைந்துவிடுவாள். பச்சை அம்பாசிடர் வாசலில் வந்து நின்று மாமா இறங்கும்போது வீடு அபிஷேகம் முடிந்த கோயில் மாதிரி இருக்கும். அவர் யாரையும் ஒரு வார்த்தை வைது நான் பார்த்ததில்லை. வைவதற்கு அவர் கண்ணில் எதுவும் படவே இல்லை. இருந்தும் மொத்தத் தெருவும் அவருக்குப் பயந்தது. நான் ஒருவன்தான், "மாமா, அந்தச் சைலன்சரை மாத்தக் கூடாதா, சிமெண்டு வித்த காசெல்லாம் என்னதான் ஆகுது?" என்று தைரியமாகக் கேட்பேன். "ஓடுது இல்ல, வுடு" என்பார். கருமி என்று நினைத்துக்கொண்டேன். நீயும் அருள்மேரியிடம், "இந்த மனுஷன் எண்ணெய் காணாத செக்கு மாதிரி வண்டிய ஓட்டுறாரே" என்று தலையில் அடித்துக்கொள்வாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாமா அந்த வண்டியை எழுபத்தொன்பதில் புதிதாக எடுத்தார் அல்லவா, பதினைந்து வருஷம் முடிந்துவிட்டது. பதினைந்து வருஷம் முடிந்தால் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி ரிஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வண்டி இல்லை, வாசலில் நிற்கும் கோழிக்கூடு. மாமா வண்டி கோழிக்கூடாவதை நான் பார்த்துக்கொண்டிருப்பேனா? அதிலும் நான் யார், பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் ஹெட்கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவன், சட்டம் என்று யாராவது சொன்னாலே எழுந்து நிற்பவன். எனவே கார்த்திகை மாசத்தில் ஒரு நல்ல நாள் பார்த்து, வண்டிக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஆர்.டி.ஓ. மைதானத்துக்குள் ஓட்டிக்கொண்டு போனேன். நான் உள்ளே நுழைந்ததும் மைதானமே திரும்பிப் பார்த்தது. அங்கே லைசென்சுக்காக எட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் சத்தம் கேட்டு மிரண்டு ஏழிலேயே நின்றுவிட்டான். வேப்பமரத்திலிருந்த காக்கைகள் பல்லாவரம் பக்கமாகப் போய்விட்டன.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். சின்ன வயசு, முறுக்கு மீசை. வண்டியைச் சுற்றி வந்து, நம்பரைப் பார்த்து, என்னைப் பார்த்து, "சார், இது சிமெண்டுக் கடை துளசிங்கம் சார் வண்டிதானே?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் என்று நினைக்கிறாய்? நம் எதிர்மனையில் கிரிக்கெட் ஆடிய கூட்டத்தில் ஒல்லியாக ஒருவன் பந்து பொறுக்குவானே, ஜெயவேலு, அவன்தான். உன் வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்தவனும் அவனேதான். "சார், ஒரு தடவ ஆஃப் பண்ணிட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்றான். பண்ணினேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றான். "இன்னொரு தடவ" என்றான். பண்ணினேன். "சாயந்தரம் ஆச்சுன்னா எங்கம்மா தொண்டை கிழியக் கத்தினாலும் வூட்டுக்குப் போக மாட்டோம் சார். இந்தச் சத்தம் கேம்ப் ரோட்ல கேட்டா போதும், பிச்சிக்கினு ஓடுவோம். ஒரு நாள்கூட அவரு எங்கள மாட்டிவுட்டது இல்ல" என்றான். அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். சரி, பையன் நம்மவன், காரியம் பழம் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபெயில் என்று எழுதிவிட்டான்.

"என்னப்பா இது, இப்பத்தானே உருகினே?" என்றேன். "உருகுறது வேற சார், ரூல் வேற" என்று விளக்கமாகச் சொன்னான். வண்டி என்றால் சத்தத்தைக் குறைக்கிற சைலன்சர் ஒழுங்காக இருக்க வேண்டும், அதில் ஓட்டை, வெட்டு, இடையில் பைப்பைப் பிடுங்கிப் போடுவது எதுவும் ஆகாது, புது சைலன்சர் போடுவதானால் கம்பெனி போட்ட மாதிரியே இருக்க வேண்டும், வண்டியின் அமைப்பை மாற்றுவதானால் முதலில் எழுதி அனுமதி வாங்க வேண்டும், புகை இடது பக்கம் நடந்துபோகிறவன் மேல் போகக் கூடாது என்று அடுக்கினான். எல்லாவற்றையும் நான் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொண்டதில் ஒரே ஒரு தவறு, கடைசியாகச் சொன்ன மூன்று விஷயங்களைக் குறிக்கும்போது பேனாவில் மை தீர்ந்துவிட்டது. பேனா மை தீர்ந்தால் சட்டமும் தீர்ந்துவிட்டது என்று நம்புவது எங்கள் ஆபீஸ் வழக்கம், முப்பது வருஷப் பழக்கம் எங்கே போகும்?

அதனால் நேராகக் குரோம்பேட்டைக்குப் போனேன். அங்கே பொன்னுரங்கம் என்று ஒருவன் கார் அலங்காரக் கடை வைத்திருக்கிறான். ஸ்டியரிங்குக்குச் சட்டை, சீட்டுக்குச் சட்டை, முன்னால் தொங்கவிட எலுமிச்சை, பின்னால் தொங்கவிட மிளகாய் எல்லாம் கிடைக்கும். "கம்பெனி சைலன்சர்லாம் பழசு அண்ணா. இது ரெண்டு வாய் பைப்பு, நிக்கல் பூசினது, ரேஸ் வண்டியில போடறது. உங்க வண்டிக்கு இதப் போட்டீங்கன்னா கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிரும்" என்றான். "சத்தம் வராதே?" என்றேன். "சத்தமா? இசை அண்ணா!" என்றான். கழற்றிய பழைய சைலன்சரைச் சாக்கில் சுற்றி டிக்கியில் போட்டுக் கொடுத்தான். நல்லவேளை கொடுத்தான். பைப் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. நிக்கலில் என் முகம் தெரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியலில் கிளம்பினேன். மார்கழி பிறந்துவிட்டது, பிள்ளையார் கோயிலில் பூஜை முடிந்து சுடச்சுட வெண்பொங்கல். வாங்குவதற்கு ஜனம் ரோட்டின் இடது ஓரமாக நீளமாக நின்றது. முன்னாடி நிற்பது யார், பால் சொசைட்டி பச்சையம்மா. குளித்து, தலையில் ஈரத்துண்டு கட்டி, தொன்னையில் பொங்கல் வாங்கிக்கொண்டு திரும்புகிறாள். மரியாதைக்காக நான் வண்டியை நிறுத்தி ஒரு கும்பிடு போட்டேன். கும்பிட்டுவிட்டு ஆக்சிலேட்டரை அமுக்கினேன். ரெண்டு வாயும் ஒரே நேரத்தில் இடது பக்கமாகத் திறந்துகொண்டன. பதினைந்து வருஷத்துக் கரி, அக்கா! வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் பிள்ளையாரே விபூதிக்குப் பதில் மை பூசிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. பச்சையம்மா தொன்னையை ஜன்னல் வழியாக என் மூக்குக்கு நேரே நீட்டி, "யோவ் ஏகநாதா, இதுல மிளகு எது, கரி எதுன்னு இன்னா தெரியுது? நீயே துன்னு பாத்து சொல்லு!" என்றாள். அவள் நின்றுகொண்டே இருந்ததால் தின்றும் பார்த்தேன். மிளகு இரண்டுதான் இருந்தது.

அந்தப் பொங்கல் வாயோடு ஜெயவேலு முன்னால் போய் நின்றேன். அவன் குனிந்து பார்த்தான், நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "மொதல்ல ஒரு ஓட்டை, இப்ப ரெண்டு வாய். முன்னேற்றம்தான் சார்" என்றான். "இடது பக்கம் நீட்டிக்கினு கீது, கம்பெனி மாடலும் இல்ல, அனுமதியும் இல்ல. மூணு தப்பு. ஏன் சார் கண்டவன்கிட்ட போறீங்க, துளசிங்கம் சாரு வண்டிய எப்பவும் ஒரு மெக்கானிக்குதானே பாப்பாரு, தனசிங்கு, சேலையூர்ல ஷெட்டு வெச்சிருந்தாரே? அவரு இப்ப திருமுடிவாக்கம் எஸ்டேட்ல சைலன்சரே செஞ்சுகினு இருக்காரு, அங்க போங்க" என்று அவனே வழி சொல்லி அனுப்பினான். திட்டாமல் அனுப்பினான் பார், அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

திருமுடிவாக்கம் இப்போது நீ பார்த்த ஊர் இல்லை. தகரக் கூரை, வெல்டிங் வெளிச்சம், எங்கே பார்த்தாலும் இரும்புத் தூள். தனசிங்குக்கு நரைத்துவிட்டது. வண்டியைப் பார்த்ததும் பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, பானெட்டைத் தடவிக் கொடுத்துவிட்டு, அந்த நிக்கல் பைப்பைப் பார்த்து இயேசுவே என்றான். டிக்கியிலிருந்து சாக்கைப் பிரித்துப் பழைய சைலன்சரைக் கையில் எடுத்தான். சிரித்தான். "துருப்பிடிச்சு ஓட்டை விழுந்துடுச்சுப்பா" என்றேன். "துருவா? இது நான் டிரில் போட்ட ஓட்டை சார்" என்றான்.

அக்கா, நான் அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். தனசிங் சொன்னதை அவன் வாயாலேயே கேள். "ஒரு நாளு வண்டிய என்னாண்ட ரிப்பேருக்கு வுட்டுட்டு அவரு நடந்தே வூட்டுக்குப் போனாரு. மறுநாள் காலையில வந்து நின்னாரு, மூஞ்சியே சரியில்ல. தனசிங்கு, சைலன்சர்ல ஒரு ஓட்டை போடுன்னாரு. இன்னா சார், எல்லாரும் ஓட்டைய அடைக்கத்தானே வருவாங்கன்னேன். அப்பதான் சொன்னாரு. நேத்து நடந்து போனேன்டா, வாசல்லயே வூட்டுக்காரி சிரிக்கிற சத்தம். நாலு பொம்பளைங்க கூடத்துல உக்காந்து ரேடியோ கேட்டுகினு, ஏதோ பேசிகினு சிரிக்குறாங்க. எங்க வூட்டம்மா அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு, சிரிச்சுகினே உள்ள போனேன். என்னைப் பாத்ததும் பொசுக்குனு நின்னுபோச்சு. அவ வாயப் பொத்திகினு நிக்கிறா. மத்தவங்க பின்பக்கமா ஓடுறாங்க. என் மூஞ்சி அப்படிடா தனசிங்கு, அத ஒண்ணும் பண்ண முடியாது. நான் வர்றது முன்னாடியே காதுல வுழுந்தா அவங்க சிரிச்சு முடிச்சுக்குவாங்க இல்ல? பாதி சிரிப்புல போய் நிக்கிற ஆளா நான் இருக்கக் கூடாது. அப்படின்னாரு சார். டிரில்லு கோணலாப் போகக் கூடாதுன்னு மூச்ச புடிச்சுகினு போட்டேன்" என்றான்.

கேட்டாயா? பத்து வருஷம் அந்த மனிதரைக் கருமி என்று நினைத்தேன். அவர் வரும்போது எங்களுக்கெல்லாம் அவகாசம் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். குப்புராஜுக்குப் புத்தகம் திறக்க அவகாசம், ஜெயவேலுவுக்கு ஓட அவகாசம், உனக்குச் சிரித்து முடிக்க அவகாசம். ஊர் பயந்தது, அவர் அதைத் திருத்தவில்லை, பயப்படுவதற்குக் கொஞ்சம் நேரம் மட்டும் கொடுத்தார். உனக்கு இது தெரியாதே என்று அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தனசிங் இன்னும் ஏதோ சொன்னான். அவன் போட்ட ஓட்டையை யாரோ வெல்டிங் வைத்து அடைத்திருக்கிறார்களாம், அதற்குப் பக்கத்தில் ஆணி வைத்து அடித்த மாதிரி கோணல்மாணலாக இரண்டாவதாக ஒரு ஓட்டை இருக்கிறதாம், அது தன் வேலை இல்லையாம். "எவனோ வேலை தெரியாதவன் பண்ணிகீறான் சார்" என்று காட்டினான். அது துருவாகத்தான் இருக்கும். நான் இருந்த நிலையில் இரண்டாவது ஓட்டையையெல்லாம் யார் பார்த்தது?

"தனசிங், சட்டப்படி ஒண்ணு மாட்டு" என்றேன். கம்பெனி மாதிரியே ஒன்றை மாட்டினான். ஸ்டார்ட் செய்தேன். செய்தேனா இல்லையா என்று அவனைக் கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவு அமைதி. ஜெயவேலு அன்றே பாஸ் போட்டான். போட்டுவிட்டு, "நல்லா இருக்கு சார்" என்று துக்க வீட்டில் சொல்வது மாதிரி சொன்னான். பழைய சைலன்சரைத் தெருவில் வந்த பேரீச்சம்பழக்காரனிடம் போட்டுவிட்டேன். வைத்திருந்தால் திரும்ப மாட்டச் சொல்லி மனசு அரிக்கும் என்று தெரியும். சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது.

அன்று சாயங்காலம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தம் இல்லை. பாஸான சந்தோஷத்தில் கேம்ப் ரோடு வழியாக வீட்டுக்கு வந்தேன். ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போகிறேன், கூடத்தில் ஒரே சிரிப்பு. அருள்மேரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்திருக்கிறாள். பச்சையம்மா கண்ணில் தண்ணீர் வழிகிறது. நடுவில் சாமுண்டீஸ்வரி, என் பழைய மூக்குக் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, முறத்தை ஸ்டியரிங் மாதிரி பிடித்துக்கொண்டு, "இடது பக்கம் புகை போகக் கூடாது, சட்டம், சட்டம்!" என்று என் குரலில் பேசிக்கொண்டே பிள்ளையாரைக் கும்பிடுகிறாள். அச்சு அசல் நான்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது அவள் திரும்பினாள்.

பொசுக்கென்று நின்றுவிட்டது அக்கா. அவள் கையிலிருந்த முறம் மெதுவாகக் கீழே இறங்கியது. "அடுப்புல பால வெச்சிட்டு வந்தேன்" என்று அருள்மேரி எழுந்தாள். "சொசைட்டிக்கு நேரமாச்சு" என்று பச்சையம்மா எழுந்தாள். இருவரும் கிணற்றடி வழியாகப் போய்விட்டார்கள். "ஏன், சிரிங்களேன், நானும் சிரிக்கத்தான் வந்தேன்" என்று நான் சொல்வதற்குள் அவர்கள் கிணற்றைத் தாண்டிவிட்டார்கள். நான் இங்கே பாஸான பேப்பரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அவள் அங்கே கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு நிற்கிறாள். மாமா அன்றைக்கு எங்கே நின்றாரோ அங்கேயே நான் நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது. அடுத்த நாள்தான் உன் கடிதம் வந்தது.

ஆகவே அக்கா, ஸ்டேஷனுக்கு வண்டி வரும், சத்தம் வராது. கேம்ப் ரோட்டில் பனைமரமும் இல்லை, இருந்திருந்தாலும் அதற்குக் கேட்க ஒன்றும் இல்லை. மாமா உனக்காக வைத்த ஒன்றை, உன்னைக் கேட்காமல், சட்டத்தின் பெயரால் நான் எடுத்துவிட்டேன். அவர் எதற்காக அதை வைத்தார் என்பதையாவது உனக்குச் சொல்லிவிட்டேன், அந்த ஒரு புண்ணியம் எனக்கு உண்டு. கோபித்துக்கொண்டு வராமல் மட்டும் இருந்துவிடாதே. குப்புராஜுக்கும் அவன் மனைவி மக்களுக்கும் என் ஆசி. உனக்குக் கம்பளி போதாவிட்டால் எழுது. சேலையூர் அம்மனும் நம் பிள்ளையாரும் உனக்குத் துணை.

உன் கையால் திருநீறு வாங்கிக்கொள்ள ஸ்டேஷனில் காத்திருக்கப்போகும் தம்பி,
ஏகநாதன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சாமுண்டீஸ்வரி கடிதத்தை வாங்கிப் படித்தாள். முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு, "அண்ணிக்குத் தெரியாததையா இத்தனை பக்கம் எழுதியிருக்கீங்க?" என்றாள். அவள் சொல்லி நான் இப்போது எழுதுகிறேன், இது உண்மையா பொய்யா என்று நீயே சொல். மாமா ஒருமுறை டயர் மாற்ற லாரி ஷெட்டில் வண்டியை விட்டபோது, அந்தப் புண்ணியவான்கள் கேட்காமலேயே ஓட்டையை வெல்டிங் வைத்து அடைத்து அனுப்பிவிட்டார்களாம். வண்டி பூனை மாதிரி வந்து நின்றதாம், உங்கள் சிரிப்பு மறுபடி பாதியில் நின்றதாம். மறுநாள் மத்தியானம் மாமா லாரியில் செங்கல்பட்டு போன நேரம் பார்த்து, நீ ஒரு பெரிய ஆணியும் அம்மிக் குழவியும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தாயாம். இவள் கேட்டருகில் காவல் நின்றாளாம். குழவி தவறி உன் கண்ணாடி வளையல் இரண்டு உடைந்ததாம். அடுத்த நாள் சாயங்காலம் வண்டி பழையபடி படபடவென்று வந்ததாம். மாமா இறங்கி, ஒன்றும் கேட்காமல், ரேடியோ மேல் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்துவிட்டுக் கை கால் கழுவப் போனாராம். உன் அளவுக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல். நீ அதைப் போட்டுக்கொண்டு தோசை வார்த்தாயாம். அவரும் பேசவில்லை, நீயும் பேசவில்லையாம். அப்படியானால் எண்ணெய் காணாத செக்கு என்று அருள்மேரியிடம் தலையில் அடித்துக்கொண்டதெல்லாம் என்ன அக்கா? இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னை ஒருவனைத்தான் இத்தனை வருஷம் ஏமாற்றியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. பேரீச்சம்பழக்காரனை இவள் தெருமுனை வரை துரத்திக்கொண்டு போய்ச் சைலன்சரைத் திரும்ப வாங்கி வந்துவிட்டாளாம். பழத்தை நான் தின்றுவிட்டதால் ஓர் அலுமினியக் குண்டானைக் கொடுத்து மீட்டிருக்கிறாள். நான் தூங்கும் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறது. உடனே டெலிபோன் பூத்துக்குப் போய் ஜெயவேலுவைக் கூப்பிட்டு, இந்தப் பழைய சைலன்சரை மாட்டினால் சட்டம் என்ன சொல்லும் என்று கேட்டேன். "ரோட்ல ஏத்துனீங்கன்னா நானே புடிப்பேன் சார். உங்க காம்பவுண்டுக்குள்ள, நின்ன இடத்துல ஒரு தடவ ஸ்டார்ட் பண்றதுக்கு என்னை ஏன் கேக்குறீங்க? எத்தனை மணிக்குன்னு மட்டும் சொல்லுங்க, நானும் வரேன்" என்றான்.

ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் அடித்ததாக வைத்துக்கொள். ஸ்டேஷனுக்குச் சட்டப்படி ஊமை வண்டி வரும், பேசாமல் ஏறி உட்கார். மறுநாள் சாயங்காலம் தனசிங் வந்து பழையதை மாட்டுவான். நீ, அருள்மேரி, பச்சையம்மா, சாமுண்டீஸ்வரி நாலு பேரும் கூடத்தில் உட்கார்ந்து என்னைப் பற்றி எது வேண்டுமானாலும் பேசுங்கள், முறம் அங்கேதான் இருக்கிறது. நான் வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்வேன். படபடபட என்று கேட்டதும் யாரும் கிணற்றடிப் பக்கம் ஓட வேண்டாம். நான் உள்ளே வந்த பிறகும் சிரித்துக்கொண்டே இருங்கள்.